இம்ப்ளான்ட் வைத்த பின் வரும் தொற்றும், சில வாரங்களிலேயே கழன்றுவிடும் இம்ப்ளான்ட்டும்: முழுமையான வழிகாட்டி

அம்மாவுக்குக் கீழ்த்தாடையில், இடப்பக்க முதல் கடைவாய்ப்பல் இருந்த இடத்தில் இம்ப்ளான்ட் வைத்தார்கள்; அதாவது போன பல்லுக்குப் பதிலாக மேலே பல் கட்டுவதற்காக, தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானிய ஸ்குரூ. இரண்டாம் நாள் கன்னம் வீங்கியது. நான்காம் நாள் நன்றாக வடிந்துவிட்டது. ஆறாம் நாள் காலையில் மறுபடி லேசாக வீங்கியிருந்தது. "வலியே இல்லப்பா, இதுக்குப் போயி டாக்டரைத் தொந்தரவு பண்ணுவாங்களா?" என்று சொல்லிவிட்டு, முன்பு பல் பிடுங்கியபோது மிச்சமிருந்த அட்டையிலிருந்து மூன்று ஆன்டிபயாடிக் மாத்திரை போட்டுக்கொண்டார். வீக்கம் அடங்கியது. எங்களுக்கும் மறந்துபோனது.

ஒன்பதாவது வாரம் கிளினிக்கில் இம்ப்ளான்ட்டின் மேல்மூடியைக் கழற்றச் சின்னத் திருப்பியை வைத்துத் திருப்பினார்கள். மூடியோடு சேர்ந்து இம்ப்ளான்ட்டும் சுற்றியது. டாக்டர் கையை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

நான் பல் மருத்துவன் இல்லை. அதற்குப் பிறகு தேடிப் படித்ததையும், இரண்டு டாக்டர்களைக் கேட்டு எழுதி வைத்ததையும் இங்கே வரிசையாகத் தருகிறேன். அம்மா அந்த ஆறாம் நாள் காலையில் என்ன செய்திருக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியமான பகுதி.

முதலில், எலும்புக்குள் என்ன நடக்கிறது

ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனிமார்க் 1952-இல் முயல்களின் கால் எலும்புக்குள் டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தி, எலும்பில் ரத்த ஓட்டம் எப்படி நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வு முடிந்து கருவியை எடுக்கப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. 1965-இல் முதல் நோயாளிக்குத் தாடையில் டைட்டானிய ஸ்குரூ வைத்தார். இன்று நாம் வைத்துக்கொள்வது அதன் வாரிசுதான்.

அந்தப் பிடிப்பு ஒரே நாளில் வருவதில்லை. வைத்த அன்று ஸ்குரூ நிற்பது வெறும் இறுக்கத்தால். மரத்தில் ஆணி நிற்பது போல. அடுத்த சில வாரங்களில் துளையைச் சுற்றி நசுங்கிய பழைய எலும்பை உடல் அரித்து எடுக்கிறது, அந்த இடத்தில் புது எலும்பைக் கட்டுகிறது. பழையது போய், புதியது இன்னும் கெட்டிப்படாத ஒரு நடுக்காலம் உண்டு. ஏறக்குறைய இரண்டாவது வாரத்திலிருந்து நான்காவது வாரம் வரை. இம்ப்ளான்ட் மிகவும் பலவீனமாக இருப்பது அப்போதுதான். ஆனால் அதற்குள் வலி போயிருக்கும், தையல் பிரித்திருப்பார்கள், நாம் தைரியமாக முறுக்கு கடிக்க ஆரம்பித்திருப்போம்.

எலும்பு பிடிப்பதற்கு முன்பே, மேலே பல் கட்டுவதற்கு முன்பே போய்விட்டால் அதை ஆரம்பத் தோல்வி என்பார்கள். நன்றாகப் பிடித்து, வருடக்கணக்கில் மென்ற பிறகு ஈறு நோயால் போவது வேறு கதை. அது இங்கே இல்லை.

படி 1: தேதி குறிப்பதற்கு முன்

சர்க்கரை இருந்தால் அன்றைய சர்க்கரை அளவை மட்டும் சொல்லிச் சமாளிக்காதீர்கள். மூன்று மாத சராசரி, அதாவது ஹெச்பிஏ1சி எடுங்கள். 7-க்குக் கீழே இருந்தால் பொதுவாகத் தயங்க மாட்டார்கள். 8-ஐத் தாண்டியிருந்தால் தள்ளிப்போடச் சொல்பவர்கள் அதிகம். அம்மாவுக்கு 8.4. அதை யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

சிகரெட். 1993-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இம்ப்ளான்ட்டுகளைக் கணக்கெடுத்தார்கள். புகைக்காதவர்களிடம் 4.76 சதவீதம் தோற்றிருந்தது, புகைப்பவர்களிடம் 11.28 சதவீதம். வைப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து, வைத்தபின் எட்டு வாரம் வரையாவது நிறுத்துங்கள் என்பது அந்தக் காலத்திலிருந்தே சொல்லப்படும் கணக்கு. புகையிலை போடுபவர்களும் இதே கணக்கில்தான்.

சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் பையோடு கொண்டுபோய் மேசையில் கொட்டிவிடுங்கள். எலும்புத் தேய்வுக்குப் போடும் மாத்திரை, வருடம் ஒருமுறை போடும் ஜோலெட்ரானிக் ஊசி, டெனோசுமாப் ஊசி இவையெல்லாம் தாடை எலும்பு ஆறுவதைப் பாதிக்கக்கூடியவை; இதைச் சொல்லாமல் மறைத்தால் இம்ப்ளான்ட்டோடு போகாது, தாடையே சிக்கலாகும். நம் ஊரில் காபி மாதிரி தினமும் போடும் 'கேஸ் மாத்திரை'யையும் சொல்லுங்கள். பான்டோபிரசோல், ஓமிபிரசோல் வகைக்கும் இம்ப்ளான்ட் தோல்விக்கும் தொடர்பு இருப்பதாகக் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளுக்கும் அப்படியே. இதைப் படித்துவிட்டு எதையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. சொன்னால் போதும்.

பக்கத்துப் பல்லைப் பற்றியும் கேளுங்கள். பக்கத்துப் பல்லின் வேர் நுனியில் பழைய சீழ்க்கட்டி சத்தமில்லாமல் இருந்தால், அது புது இம்ப்ளான்ட்டின் அடி நுனிக்குத் தாவும். மேலே ஈறு அழகாக ஆறியிருக்கும், அடியில் அரித்துக்கொண்டிருக்கும். ரூட் கெனால் பாக்கி இருந்தால் அதை முதலில் முடிக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று: கழன்றுவிட்டால் யார் செலவு? சில கிளினிக்குகள் மறுபடி இலவசமாக வைப்பார்கள், சில இடங்களில் ஸ்குரூ விலை மட்டும் வாங்குவார்கள், சில இடங்களில் முழுதாகக் கட்ட வேண்டும். முன்னாலேயே கேட்டு, சீட்டில் எழுதி வாங்குங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும்.

படி 2: அன்றைய நாள்

பெனிசிலின் ஒவ்வாமை இல்லாதவர்களுக்கு, அறுவைக்கு ஒரு மணி நேரம் முன்பு அமாக்சிசிலின் 2 கிராம் ஒரே தடவையாகக் கொடுப்பது வழக்கம். பல மருத்துவ ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் 2013 தொகுப்பாய்வு இதை அலசியது. அப்படிக் கொடுத்தால், 25 பேரில் ஒருவருக்கு நேரவிருந்த ஆரம்பத் தோல்வி தவிர்கிறது என்பது அதன் கணக்கு. பின்னால் ஐந்து நாள், ஏழு நாள் என்று தொடர்ந்து கொடுப்பதால் கூடுதல் பலன் என்று சொல்ல அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. உங்கள் டாக்டர் எழுதிக்கொடுத்தால் சொன்னபடி முடியுங்கள். ஆனால் அந்த முதல் டோஸை மறந்துவிட்டு "அப்புறம் சேர்த்துப் போட்டுக்கலாம்" என்பது நடக்காது.

துளை போடும்போது தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருப்பார்கள். வாய் நிறைகிறதே என்று எரிச்சல் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். எலும்பு 47 டிகிரி செல்சியஸை ஒரு நிமிடம் தாங்க நேர்ந்தாலே செத்துப்போகும் என்று முயல்களில் செய்த ஆய்வுகள் காட்டின. மொட்டையான டிரில், அவசரம், தண்ணீர்க் குறைவு இதில் எது நடந்தாலும் அந்தச் சூடு வந்துவிடும். இப்படிச் செத்த எலும்பில் கிருமி இல்லாமலேயே இம்ப்ளான்ட் தோற்கும். அதன் அடையாளம், வீக்கம் எதுவும் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஆழத்தில் விடாமல் இருக்கும் வலி.

கிளம்பும்போது மூன்று பொருள் கையில் இருக்க வேண்டும். இம்ப்ளான்ட் டப்பாவில் உரித்து ஒட்டும் ஸ்டிக்கர் வரும். கம்பெனி, விட்டம், நீளம், லாட் எண் எல்லாம் அதில் இருக்கும். ஒன்றை உங்கள் ஃபைலில் ஒட்டச் சொல்லுங்கள். இரண்டாவது, அன்றைய எக்ஸ்ரே. மூன்றாவது, ராத்திரியிலும் எடுக்கும் ஒரு போன் எண்.

படி 3: முதல் மூன்று நாள்

முதல் நாள் கொப்பளிக்கவே வேண்டாம், வேகமாகத் துப்பவும் வேண்டாம். இளநீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாதீர்கள்; டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். வெளியே ஐஸ் ஒத்தடம், பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து எடுத்து வைத்து. உப்பு வறுத்துத் துணியில் கட்டிச் சூடாக ஒத்தடம் தரும் பாட்டி வைத்தியத்தைத் தள்ளி வையுங்கள். கிராம்பு எண்ணெயையும், வாயில் எண்ணெய் வைத்துக் கொப்பளிப்பதையும் சேர்த்து.

மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர், டாக்டர் எழுதிக்கொடுத்த குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ். மற்ற பற்களை வழக்கம்போல் துலக்குங்கள். தையலுக்குப் பயந்து வாய் முழுவதையும் துலக்காமல் விடுவதுதான் கிருமிக்கு விருந்து. பேஸ்ட்டுக்கும் இந்த மவுத்வாஷுக்கும் நடுவே அரை மணி நேரமாவது இடைவெளி வேண்டும், இல்லையென்றால் அதன் வீரியம் குறையும். பற்களில் பழுப்புக் கறை பிடித்தால் பயப்பட வேண்டாம், பிறகு சுத்தம் செய்தால் போய்விடும்.

தயிர்சாதம் நல்லதுதான், ஆனால் கடுகு தாளிக்காமல். ஒரு கடுகு தையலுக்கு அடியில் போய் உட்கார்ந்தால் வெளியே வராது.

மூன்று நாளும் வீக்கம் ஏறிக்கொண்டே போவது இயல்பு. 48 முதல் 72 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும்.

ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் முதல் நாளே ஓட வேண்டும். கீழ்த்தாடையில் வைத்திருந்து, மரத்துப்போகும் ஊசியின் வேகம் தீர வேண்டிய நேரம் கடந்தும் உதடும் தாடை நுனியும் மரத்தே இருந்தால், காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். ஸ்குரூ நரம்பை அழுத்திக்கொண்டிருக்கலாம். ஒன்றரை நாளுக்குள் அதை எடுத்துவிட்டால் நரம்பு மீளும் வாய்ப்பு அதிகம்.

படி 4: நான்காம் நாளிலிருந்து

வீக்கம் எவ்வளவு பெரிது என்பதை விட, அது எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் முக்கியம். மூன்றாம் நாள் கன்னம் பந்து மாதிரி இருந்து, நான்காம் நாள் கொஞ்சம், ஐந்தாம் நாள் இன்னும் கொஞ்சம் என்று வடிந்தால் கவலை இல்லை. வடிந்தது மறுபடி ஏறினால், நெல்லிக்காய் அளவே இருந்தாலும் அன்றே போன் செய்ய வேண்டும். அம்மாவுக்கு நடந்தது இதுதான். வலி இல்லாததை நம்பி ஏமாந்தோம்.

இதற்கு நினைவை நம்பக் கூடாது. தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். தினமும் ஒரே நேரத்தில், ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் முகத்தை நேராக ஒரு போட்டோ. காய்ச்சல் எவ்வளவு. வாயில் எத்தனை விரல் நுழைகிறது. மூன்று விரலை நெட்டுக்குத்தாக வைக்க முடிந்தால் சரி, நேற்று மூன்று இன்று இரண்டு என்றால் சரியில்லை. வலி மாத்திரை எத்தனை மணிக்கு. கடைசிக் குறிப்பு முக்கியம், ஏனென்றால் ஐபுப்ரோஃபென், பாராசிட்டமால் எல்லாம் காய்ச்சலையும் அமுக்கிவிடும். மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் அளந்துவிட்டுக் காய்ச்சல் இல்லை என்று சந்தோஷப்படுவதில் அர்த்தமில்லை.

வேறு என்ன பார்க்க வேண்டும்? துடிக்கிற மாதிரி வலி, ராத்திரி படுத்தால் கூடுவது. வாயில் திடீரென்று உப்பும் கசப்புமாக ஒரு சுவை. தையலோரம் அழுத்தினால் மஞ்சளாக ஏதாவது வருவது. தாடைக்கு அடியில் நெறி கட்டுவது. தையல் ஓரம் வெள்ளைப் படலம் மட்டும் இருந்தால் பெரும்பாலும் அது ஆறும் படலம்தான், சுரண்டாதீர்கள்.

கையில் இருக்கும் பழைய அட்டையைத் தொடாதீர்கள். டைட்டானியத்துக்குள் ரத்தக்குழாய் கிடையாது. கிருமி அதன் மேல் பிசின் மாதிரிப் படலம் கட்டிக்கொண்டால், ரத்தத்தில் வரும் மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேராது. அரைகுறை டோஸ் சுற்றியிருக்கும் வீக்கத்தை மட்டும் அடக்கும். டாக்டர் பார்க்க வேண்டிய அடையாளம் அழிந்துபோகும், உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும். மருந்துக்கடைக்காரரிடம் "பல் வீக்கத்துக்கு ரெண்டு நாளைக்குக் கொடுங்கண்ணே" என்று கேட்டு வாங்குவதும் இதே கணக்குத்தான்.

கிளினிக்கையே விட்டுவிட்டு நேராகப் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போக வேண்டிய நிலையும் உண்டு. எச்சில் விழுங்க முடியவில்லை, நாக்குக்கு அடியில் பலகை மாதிரிக் கெட்டியாகி நாக்கு மேலே தூக்குகிறது, குரல் மாறிவிட்டது, மூச்சு இழுக்கிறது, வீக்கம் கழுத்துக்கு இறங்குகிறது அல்லது கண்ணுக்கு ஏறுகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்புங்கள். தாடைச் சீழ் மூச்சுக்குழாயை அடைத்து உயிரைக் குடிக்கும்.

படி 5: சத்தமில்லாத வாரங்கள்

தையல் பிரித்தாகிவிட்டது. இனிதான் இரண்டு விஷயம் கெடுக்கும்: அசைவும் அழுத்தமும். எலும்பு சேரும் காலத்தில் இம்ப்ளான்ட் 100 முதல் 150 மைக்ரானுக்கு மேல் ஆடினால், எலும்புக்குப் பதிலாக நார்த்திசு வளர்ந்து அதைச் சுற்றிக்கொள்ளும். ஒரு தலைமுடியின் தடிமனுக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான் அனுமதி. நாக்கால் தள்ளித் தள்ளிப் பார்ப்பது, அந்தப் பக்கம் மெல்லுவது, தூக்கத்தில் பல் கடிப்பது எல்லாமே சேரும். கழற்றி மாட்டும் பல்செட் இருந்தால், இம்ப்ளான்ட்டுக்கு மேலே வரும் இடத்தில் அதைக் குடைந்து கொடுக்கச் சொல்ல வேண்டும். இதை மறந்துவிடும் கிளினிக்குகளும் உண்டு.

நல்ல செய்தியாக முடியக்கூடிய ஓர் அடையாளமும் இருக்கிறது. மூன்றாவது, நான்காவது வாரத்தில் ஈறின் மேல் பரு மாதிரி சின்னதாக ஒன்று கிளம்பும், அழுத்தினால் துளி சீழ் வரும். சில சமயம் மேல்மூடி ஸ்குரூ லேசாகக் கழன்று, இடுக்கில் சாப்பாட்டுத் துணுக்கு சேர்ந்ததால் வருவது இது. திறந்து, கழுவி, மறுபடி இறுக்கினால் முடிந்தது. அடியில் இருந்து வரும் சீழா, மூடியில் இருந்து வருவதா என்று கண்ணாடியில் பார்த்து நீங்கள் கண்டுபிடிக்க முடியாது. அதனால் பரு வந்தால் போய்க் காட்டுங்கள்.

படி 6: சந்தேகத்தோடு போனால் கிளினிக்கில் என்ன செய்வார்கள்

முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். எலும்பு கணிசமாகக் கரைந்த பிறகுதான் படத்தில் கறுப்பாகத் தெரியும். "எக்ஸ்ரே நல்லாத்தான் இருக்கு" என்பதோடு எழுந்து வந்துவிடாமல், இரண்டு வாரம் கழித்து அதே கோணத்தில் இன்னொன்று எடுக்கலாமா என்று கேளுங்கள். இம்ப்ளான்ட்டைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு வந்திருந்தால் எலும்பு விலகுகிறது என்று அர்த்தம்.

மேல்பகுதி வெளியே தெரிந்தால் கண்ணாடிப் பிடியால் தட்டிப் பார்ப்பார்கள். எலும்பு பிடித்திருந்தால் 'டிங்' என்று உலோகச் சத்தம், பிடிக்காவிட்டால் மொத்தையாக 'டொக்'. அம்மாவுக்கு டொக். அதிர்வை வைத்து உறுதியை அளக்கும் கருவியும் உண்டு. ஐஎஸ்க்யூ என்று 1 முதல் 100 வரை எண் காட்டும். 70-க்கு மேல் நல்லது, 60-க்குக் கீழே கவலை. ஒரு தடவை எடுத்த எண்ணை விட, வைத்த அன்று எடுத்ததோடு ஒப்பிடுவதுதான் பயன்.

அசையாமல், சீழ் மட்டும் இருந்தால் திறந்து வடித்து, சுரண்டிக் கழுவி, சரியான ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்ப்பார்கள். சீக்கிரம் போனவர்களுக்குத்தான் இந்த வழி. அப்படியும் பல இம்ப்ளான்ட்டுகள் பிழைப்பதில்லை.

அசைந்தால் எடுக்க வேண்டியதுதான். இரண்டு மாதம் காத்திருந்தால் பிடித்துக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் சுற்றியிருக்கும் எலும்பு, முக்கியமாகக் கன்னப்பக்கத்து மெல்லிய சுவர், கரைகிறது. அடுத்த இம்ப்ளான்ட்டுக்கு வேண்டிய இடம் அது.

எடுப்பது சுலபம். மரத்துப்போக ஊசி போட்டார்கள், டாக்டர் திருப்பியை இரண்டு விரலால் இடப்பக்கமாகச் சுற்றினார், ஐந்தாறு சுற்றில் வந்துவிட்டது. துணியின் மேல் வைத்ததைப் பார்த்தேன். மரைகளின் நடுவே சிவப்பாக, கொழகொழவென்று ஒரு சவ்வு. எலும்புத் துணுக்கு ஒன்றுகூட ஒட்டியிருக்கவில்லை. "இவ்வளவுதானாப்பா இது?" என்றார் அம்மா, வாயில் பஞ்சோடு.

படி 7: எடுத்த பிறகு

குழியை நன்றாகச் சுரண்டிக் கழுவுவார்கள். சீழ் நிறைய இருந்தால் அன்றே எலும்புத்தூள் போடாமல் ஆறவிடுவது நல்லது. ஆறவே இரண்டு மூன்று மாதம் ஆகும், எலும்பு குறைந்திருந்தால் இன்னும் கூட. பிறகு ஸ்கேன் எடுத்துப் பார்த்து, மறுபடி வைக்கலாம். இரண்டாவது தடவை வெற்றி விகிதம் முதல் தடவையை விடக் கொஞ்சம் குறைவு. ஆனாலும் பெரும்பாலோருக்கு நின்றுவிடுகிறது. ஒன்றை இழந்தவர்களுக்கே இன்னொன்றும் போவது அதிகம் என்பதும் உண்மை. அதனால் முதல் தடவை ஏன் போனது என்று டாக்டரால் ஒரு காரணமாவது சொல்ல முடிய வேண்டும். சர்க்கரையா, சூடா, தொற்றா, பல்செட் அழுத்தமா? "சில பேருக்கு உடம்பு ஏத்துக்காது" என்பதோடு நிறுத்தினால், வேறு டாக்டரிடம் அந்த ஸ்டிக்கரையும் எக்ஸ்ரேயையும் காலண்டர் தாள்களையும் காட்டிக் கேளுங்கள்.

இம்ப்ளான்ட்டே வேண்டாம் என்றால், பக்கத்துப் பற்களைப் பிடிமானமாக வைத்துக் கட்டும் பிரிட்ஜ் இருக்கிறது, ஆனால் இரண்டு பக்கத்துப் பற்களையும் ராவ வேண்டும். கழற்றி மாட்டும் பல் மலிவு. ஒன்றும் செய்யாமல் வருடக்கணக்கில் விட்டால், எதிரே இருக்கும் மேல்பல் மெல்லக் கீழே இறங்கி வந்துவிடும். பிறகு பல் கட்ட உயரமே இருக்காது.

அம்மாவுக்கு எடுத்து ஐந்து மாதம் ஆகிறது. ஹெச்பிஏ1சி 7.2-க்கு வந்திருக்கிறது. சாப்பாடு வலப்பக்கம். கேட்டால், "தீபாவளி போகட்டும், பார்க்கலாம்" என்கிறார்.